வெயில் அடித்த பிறகு வந்த வெள்ளம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்பீர்கள்: "மழையே பெய்யாத ஊர்ல வடிகால் இன்ஜினியருக்கு அப்படி என்ன ஆன்ட்டி வேலை?" நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மேற்கு டெக்சாஸில் ஒரு மொட்டை மலையின் அடிவாரத்து ஊரில் வேலை பார்த்தேன். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். மண்ணில் சுண்ணாம்பு இறுகி சிமென்ட் தளம் போட்டதுபோல் இருக்கும். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் உள்ளே இறங்காது, ஓடும். எப்போதோ வருகிற மழைக்காக ஊரெல்லாம் பூமிக்கடியில் குழாய் பதிக்க யாருக்கு மனம் வரும்? அதனால் சாலைகளையே நடுவில் பள்ளமாக, வாய்க்கால் மாதிரி போட்டிருந்தார்கள். ஜூலை, ஆகஸ்டில் சில பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும். அந்த ஒரு மணி நேரம் ஊரே ஆறாகிவிடும். பிறகு வெயில் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். நகரசபைக்காக வெள்ள வடிகால் வேலைகளைச் செய்துகொடுத்த ஒரு சிறிய நிறுவனத்தில் நான் இன்ஜினியர்.

என் கணவர் சேகர் விமானத்தில் போகவேண்டிய தூரத்தில், சன்னிவேலில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தார். என் கிரீன் கார்டு இந்த நிறுவனத்தின் வழியாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் வேலையை விட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் மகள் நித்யா நான்கு வயது வரை என்னோடுதான் இருந்தாள். எனக்கு வேலை என்றால் மழை வரும்போதுதான் வேலை. திடீரென்று கூப்பிடுவார்கள், குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் நிற்பேன். சேகரின் அபார்ட்மென்டில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, அங்கேயே ஓர் ஆன்ட்டி டேகேர் நடத்தினார். யோசித்துப் பார்த்து நித்யாவை அங்கே கொண்டுபோய் விட்டோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டோம்.

அதன் பிறகு என் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்குப் பிடித்த சீரியல் டப்பாவைக் கூடையில் போட்டுவிட்டு, கவுன்டரில் நிற்கும்போது நினைவு வந்து திரும்பக் கொண்டுபோய் வைப்பேன். போனில் அவளுடைய தமிழ் வாரத்துக்கு வாரம் தேய்வது கேட்கும். "சாப்ட்டியா கண்ணா?" என்றால் "யா, ஐ ஏட்" என்பாள். அந்தக் குரலைக் கேட்கும்போது, அதே குரலில் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்ட "சாப்ட்டேம்மா"வுக்காக ஏங்குவேன்.

அந்த ஆகஸ்டில் அவள் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகவேண்டும். முதல் நாள் நான் கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் சாயங்கால ஃப்ளைட்டுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

அன்று மதியம் மழை வந்தது. நல்ல மழைதான். கீழ்ச்சாலை ஒன்றில் கார்கள் மிதந்தன, போலீஸ் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். நாங்கள் ஆபீஸில் போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மழை நின்றது, சாலைகள் வடிந்தன, பளிச்சென்று வெயில் அடித்தது. எங்கள் மேலாளர் நல்ல மனிதர், என் விஷயம் தெரிந்தவர். "கிளம்பு, உன் பெண் காத்துக்கொண்டிருப்பாள்" என்று என் பையை அவரே எடுத்துக் கதவருகில் வைத்தார்.

விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக லலிதாக்கா வந்திருந்தார். அந்த ஊரில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ் முகம் அவர்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், குழந்தைகள் டாக்டர். அங்கே வருகிற நோயாளிகள் பாதிப்பேர் ஸ்பானிஷ்தான் பேசுவார்கள் என்பதால் அவரும் சரளமாக ஸ்பானிஷ் பேசுவார், அதிலும் கொங்கு இழுவை இருக்கும்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. மழைக்குப் பிறகு அந்தப் பாலைவனப் புதர்களிலிருந்து ஒரு பச்சை வாசனை வரும். ஜன்னலை இறக்கிவிட்டு அதை முகர்ந்துகொண்டு, நித்யாவுக்கு நாளைக்கு எப்படித் தலை பின்னுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்காகவோ திரும்பிப் பார்த்தேன். மலையைக் காணவில்லை.

அடிவாரம் இருந்தது. அதன் மேல் வீடுகள் வெயிலில் மின்னின. அதற்கு மேல் மலை இருக்கவேண்டிய இடத்தில் கருநீலமாக ஒரு சுவர் நின்றது. அந்த மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடை ஒன்று உண்டு. போன வசந்தத்தில் வேலைக்காக அதன் நீளம் முழுவதும் நடந்திருந்தேன். மேலே அகலமாக ஆரம்பித்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி, கீழே ஒரு சாலைக்கு அடியில் மூன்று குழாய்களுக்குள் நுழையும். அந்தக் குழாய்களின் வாயில் முள்புதரும் பழைய மெத்தையும் அடைத்துக் கிடந்ததை அன்றே நகரசபைக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். குழாய்களைத் தாண்டியதும் ஓடையின் இரு கரையிலும் டிரெய்லர் வீடுகள், அஸ்திவாரம் இல்லாமல் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய தகர வீடுகள்.

"லலிதாக்கா, அடுத்த எக்ஸிட்ல எடுங்க. ஒரு போன் பண்ணணும்."

"ஃப்ளைட்டுக்கு டைமாச்சு கண்ணு. ஏர்போர்ட்ல பண்ணிக்கலாமே?"

"இல்லக்கா, இப்பவே."

பெட்ரோல் பங்கில் இருந்த போனிலிருந்து ஆபீஸைக் கூப்பிட்டேன். மலை உச்சியில் எங்கள் மழைமானி ஒன்று இருந்தது. ரேடியோ மூலம் அளவை அனுப்பும். அது என்ன சொல்கிறது என்று மேலாளரிடம் கேட்டேன்.

"ஒன்றும் வரவில்லை. மதியத்துக்குப் பிறகு சுத்தமாக அமைதி. மேலே மழை இல்லை, நிம்மதியாகப் போ" என்றார் அவர்.

மழை இல்லாத நாட்களிலும் அந்தக் கருவி அவ்வப்போது 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். "அந்தச் சிக்னல் வந்ததா?" என்றேன்.

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "அதுவும் வரவில்லை" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் ஆட்களை வாரிக்கொண்டு போவது பெரும்பாலும் தவறான தகவல் அல்ல. வராத தகவல். ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் தானாகவே எழுதிக்கொள்ளும், ஏனென்றால் அதுதான் நமக்கு வசதி. அன்று எனக்கும் அதுதான் வசதி. ஃப்ளைட் காத்திருந்தது, வெயில் அடித்தது, மேலதிகாரியே போ என்கிறார்.

"போலீஸிடம் சொல்லி டிரெய்லர் ஆட்களைக் கிளப்புங்கள்" என்றேன்.

"என்னவென்று சொல்வேன் விஜி? வெயில் அடிக்கிறது, எங்கள் கருவி பேசமாட்டேன் என்கிறது, அதனால் எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்றா?"

"ஆமாம், அதையேதான்."

முயற்சி செய்கிறேன் என்றார். ஆனால் போலீஸ் அத்தனை பேரும் ஊரின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றும் சொன்னார். போனை வைத்தேன். லலிதாக்கா கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, என்னை அந்த டிரெய்லர் பார்க்ல விட்டுட்டுப் போறீங்களா?"

"மழைதான் நின்னு போச்சே. எதுக்கு?"

"மலைல நிக்கலைக்கா. அந்தத் தண்ணி இன்னும் வந்து சேரலை. வருது."

"ஒருவேளை வரலீன்னா?"

"வரலைன்னா நான் ஒரு முட்டாள். அவ்வளவுதான்."

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தார். "நாளைக்கு நித்யாவுக்கு முதல் நாளு" என்றார். எனக்குத் தெரியாதா? நான் மலையைப் பார்த்தேன். "செரி, ஏறு. உனக்கு ஸ்பானிஷ் வராது, நீ தனியாப் போயி அங்க என்ன பண்ணுவ?" என்று காரைத் திருப்பினார்.

டிரெய்லர் பார்க்கில் திருவிழா மாதிரி இருந்தது. எப்போதோ வருகிற மழை அல்லவா? பிள்ளைகள் குட்டைகளில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நனைந்த மிதியடிகளை வேலியில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் சமர்த்தாக ஓடியது. முதல் வீட்டில், வெள்ளம் வரப்போகிறது, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அக்காவைச் சொல்லச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புன்னகையோடு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"மழை வர்றதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேங்கறாரு."

இரண்டாவது வீட்டிலும் அதே சிரிப்பு. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் லலிதாக்காவைக் கண்டதும் "டாக்டோரா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் மகனுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது அக்கா பார்த்திருக்கிறார். அக்கா அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. மலையைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு அந்தப் பையனின் தலையில் கை வைத்தார். அந்தப் பெண் உள்ளே போய்த் தன் செருப்பைக்கூடத் தேடாமல் பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் வீதியில் நின்று பக்கத்து வீடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். அதன் பிறகு எங்களுக்கு அதிகம் வேலை இல்லை. முணுமுணுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆட்கள் மேட்டை நோக்கி நடந்தார்கள். முதல் வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஓடைக்கு மிக அருகில் இருந்த கடைசி வீட்டில் மட்டும் ஒரு பெண் அசையவில்லை. பெயர் அல்மா. மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பயப்படவும் இல்லை, எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. வரமுடியாது என்றாள்.

"ஏனாம்?"

லலிதாக்கா கேட்டுச் சொன்னார்: "இவ புருசன் எண்ணெய்க் கிணத்து வேலைக்குத் தூரமாப் போயிருக்கான். அங்க அவனுக்குப் போன் கிடையாது. வாரத்துல ஒரு நாள் டவுனுக்கு வந்து கூப்பிடுவானாம். இன்னைக்குத்தான் அந்த நாளு. சாயங்காலம் கூப்பிடுவான், அப்ப நான் இங்க இருக்கோணும்ங்கறா."

அவளுக்குப் பின்னால், சமையல் மேடைக்குப் பக்கத்துச் சுவரில் அந்தப் போன் தொங்கியது. அதன் கீழே ஒரு ஸ்டூல். அதில் ஒரு குஷன் போட்டிருந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் குஷன் அப்படி அமுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் போனுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது.

அவளிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று எனக்குப் பட்டது. உயிருக்கு ஆபத்து என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் அந்த மணிச்சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அக்கா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. எனக்கும் ஒரு குழந்தை இருக்கு. தூரத்துல இருக்கு. இன்னைக்கு ராத்திரி நான் வந்துடுவேன்னு நெனச்சுட்டு இருக்கா. நான் போகலை, இங்க வந்து நிக்கறேன். தண்ணி வராதுன்னு கொஞ்சமாவது தோணியிருந்தா, நான் இந்நேரம் ப்ளேன்ல இருப்பேன்."

லலிதாக்கா சொன்னார். அல்மா என்னையே பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் கூப்பிட்டு, யாரும் எடுக்கலைன்னா, என்ன நெனைப்பான்னு கேக்கறா."

பொய்யாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "பயந்துபோவான். ஆனா வருவான்" என்றேன். அக்கா அதைச் சொன்னார். அல்மா போனை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு, குழந்தையின் போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு நாங்கள் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது முதலில் சத்தம்தான் வந்தது. கூட்ஸ் வண்டி வருகிற மாதிரி. வானத்தில் அப்போதும் வெயில். பிறகு சாலைக்கு மேலாகப் பழுப்பு நிறத்தில் ஒரு மேடு எழும்பி வந்தது. தண்ணீர் என்றே சொல்லமுடியாது, சேறும் கல்லும் முள்புதரும் ஒன்றாக உருண்டு வந்தன. அடைத்துக் கிடந்த குழாய்கள் அதை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சாலையைத் தாண்டி இறங்கியது. அல்மாவின் வீடு மெதுவாகத் திரும்பியது, கதவு எங்கள் பக்கம் பார்த்தது, பிறகு பக்கத்து வீட்டின் மேல் போய்ச் சாய்ந்தது. சற்று முன்னால் சிரித்த அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

மேலாளர் அனுப்பிய போலீஸ் வண்டி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அவரும் வந்தார். வந்தவர் என் பக்கத்தில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி அலுவலகத்தில் போன் கேட்டு சேகரைக் கூப்பிட்டேன்.

"ஏர்போர்ட்லேர்ந்தா பேசற?"

"இல்ல. இங்க வெள்ளம். நான் ஏறலை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ நல்லா இருக்கல்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவகிட்ட நீயே சொல்லிடு. என்னால சொல்லமுடியாது" என்று போனைக் கொடுத்தார்.

"அம்மா! ஆர் யூ ஹியர்?"

"இல்ல கண்ணா. இங்க பெரிய மழை. அம்மாவால வரமுடியலை."

"ஓ. ஓகே. அப்பா கேன் டேக் மீ."

அந்த 'ஓகே'யை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவள் அழுதிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் காலையில் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவர்களில் பார்த்துக் குறித்துக்கொண்டு போனேன். கைதான் குறித்தது. மனம் முழுக்க சன்னிவேலில்தான். இப்போது எழுந்திருப்பாள், இப்போது ஷூ போடுவாள், சேகருக்குப் பின்னல் போடத் தெரியாது. முற்பகலில் மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தபோது உடம்பெல்லாம் புழுதியோடு ஓர் இளைஞன் ஒரு பழைய பிக்கப் வண்டியிலிருந்து இறங்கினான். கதவைக்கூடச் சாத்தவில்லை. வாசலில் நின்றிருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தான். என் முகத்தையும் பார்த்தான், தாண்டிப் போனான். உள்ளே கட்டில்கள் போட்டிருந்த பெரிய கூடத்தின் அந்தக் கோடியில் அல்மா குழந்தைக்குப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவன் ஓடவில்லை. நின்றுவிட்டான். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றான், வெகுதூரம் ஓடி வந்தவன்போல. அவள்தான் எழுந்து போனாள்.

நான் வெளியே வந்து லலிதாக்காவின் காரில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஊருக்கு வந்து அதுவரை நான் அழுததில்லை. அக்கா தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே குழந்தைகளைப் பார்க்கப் போனார்.

நீங்கள் சரியான முடிவை எடுக்கும் நாளில் யாரும் உங்களுக்கு மாலை போடமாட்டார்கள். அது பரவாயில்லை. அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. சரியான முடிவுதான் என்று தெரிந்தும் வலிக்கும். வலிக்கிறதே, அப்படியானால் தப்பு செய்துவிட்டோமோ என்று குழம்பாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். நான் அதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

அந்த வேலை ஓரளவு முடிந்து, வார இறுதியில்தான் சன்னிவேலுக்குப் போகமுடிந்தது. சனிக்கிழமை. பள்ளி மூடியிருந்தது. இருந்தாலும் நித்யா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சேகர் பின்னால் வந்தார். கம்பி வேலிக்கு வெளியே நின்று அவள் ஒரு ஜன்னலைக் காட்டினாள். "தட்ஸ் மை க்ளாஸ். யூ கான்ட் சீ மை சேர், பட் இட்ஸ் தேர்."

வேலிக் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் கலர் காகிதத்தில் வெட்டிய ஆப்பிள்கள் தெரிந்தன.

"அழுதியா கண்ணா, அன்னிக்கு?"

"நோ. ஸம் கிட்ஸ் க்ரைட்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ முடிவு செய்ததுபோல் என்னைக் கொஞ்சம் நகர்த்தி, வேலியில் திறந்திருந்த வாசலுக்கு நேராக நிறுத்தினாள். "அம்மா, யூ ஸ்டே ஹியர். திஸ் இஸ் வேர் தி மாம்ஸ் ஸ்டாண்ட். நவ் ஐ கோ. யூ ஹாவ் டு சே பை."

"பை, கண்ணா" என்றேன்.

அவள் தோளில் இல்லாத பையைச் சரிசெய்துகொண்டாள். மூடிய கதவை நோக்கி, நிமிர்ந்து, சின்னச் சின்ன அடியாக நடந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் போனா. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை" என்றார் சேகர், என் காதருகில்.

கதவு வரை போனவள் அங்கே நின்றாள். நான் காத்திருந்தேன். நெற்றியைக் கதவுக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தாள். பிறகு திரும்பி, எங்களை நோக்கி ஓடிவந்தாள்.

"யூ டிட் இட் ரைட், அம்மா" என்றாள்.